காலில் பூட்டிய கைக்காப்பு

நனைத்த திருநீற்றால் வெள்ளியைத் தேய்க்கும்போது ஒரு மணம் வரும். இன்று அந்த மணம் விரல்களில் ஏறியதும் உன் குசினி நினைவுக்கு வந்தது. நீ சோடா மாவில்தான் தேய்ப்பாய். எனக்கு எழுத வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். உனக்கும் தமிழ் வாசிக்க வராதுதானே, பரவாயில்லை.

ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் நீ கீழ்வீடு, நான் மேல்வீடு. ஆர்மீனியாக்காரனான உன் பெயர் என் வாயில் வரவில்லை, என் பெயர் உன் வாயில் வரவில்லை. அயலவனுக்கு இந்த நாட்டுக்காரர் சொல்லும் ‘நாபூ’ என்ற சொல்லையே இருவரும் பெயராக வைத்துக்கொண்டோம். நீ குசினி மேசையில் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைமயிர் போன்ற வெள்ளிக்கம்பிகள் இரண்டை ஒன்றாக முறுக்கித் தட்டையாக்கி, சாமணத்தால் சுருள் சுருளாக வளைத்து அடுக்குவாய். ஒட்டி முடித்தால் உறைபனி பூத்த கண்ணாடி போலிருக்கும்.

பேத்தி பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழித்த அன்று, ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாய். உள்ளே மாதுளம்பூ பின்னிய ஒரு சோடி வெள்ளிக் காப்பு. என் மனிசி வாங்கிய கையோடு பிள்ளையின் கால்களில் பூட்டிவிட்டாள். எங்கள் ஆட்களுக்குப் பொன் இடுப்புக்கு மேலே, வெள்ளி காலுக்கு. அவளுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நீ பிள்ளையின் காலைப் பார்த்தாய். தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாய். சப்பாத்தை ஒழுங்காகக் கொளுவாமலே படியிறங்கிப் போனாய்.

“வடை உறைச்சுப்போச்சுதாக்கும்,” என்றாள் மனிசி.

“அம்மா, அது கையிலை போடுறது,” என்றாள் மகள். “அந்தாளின்ரை வீட்டுச் சுவரிலை இருக்கிற படத்திலை பாக்கேல்லையே, தாய் கையிலை போட்டிருக்கிறா. அப்பாவாவது சொல்லியிருக்கலாம்.”

“நானே பூட்டினனான்? கொம்மாவைக் கேள்.”

“வெள்ளியெண்டாக் காலுக்குத்தானே. ஆர் கண்டது,” என்றாள் மனிசி. ஆனால் அவள் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த நாள் காப்புகளைக் கழற்றிக்கொண்டு கீழே வந்தேன். மன்னிப்புக் கேட்க, இந்த நாட்டுப் பாஷையான நொர்ஸ்க்கில் எனக்கு ஒரு சொல்தான் தெரியும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய். உன் மகளின் முதலாவது பிறந்தநாளுக்கென்று செய்தவை அவை என்றாய். அந்த நாள் வருமுன்னமே நிலம் நடுங்கி வீடு விழுந்தது. பட்டறையில் இருந்த பெட்டி மட்டும் மிஞ்சியது. பிறகு இரண்டு விரல்களை மேசையில் நடக்கவிட்டாய். பாதி மேசையில் விரல்கள் மடிந்தன.

உன் அரைகுறை நொர்ஸ்க்கை என் பேச்சிலேயே சொல்கிறேன். “அவள் நடக்கேல்லை, நாபூ. நான் கைக்கெண்டுதான் செய்தனான். காலிலை கண்டவுடனை, இந்தப் பிள்ளை இனி நடக்கப்போகுதெண்டு நினைச்சன். நிக்கேலாமல் போச்சு.”

காப்புகளை நீ வாங்கி வைத்துக்கொண்டாய். இனி வராது என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு நீயே கொண்டுவந்தாய். அளவைக் கூட்டியிருந்தாய். ஒவ்வொன்றிலும் மிளகளவு மணிகள் தொங்கின.

“கீழை எனக்குக் கேக்கவேணும்,” என்றாய்.

பிள்ளை தத்தித் தத்தி நடந்த அன்று, கீழேயிருந்து ஹீற்றர் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டு வந்தது. கேட்டது என்று அர்த்தம். பிறகு தினமும் மாலையில் அப்படித்தான். சத்தம் காணாவிட்டால் ஒற்றைத் தட்டு வரும். “கீழை கிழவன் கூப்பிடுது, ஓடு குஞ்சு,” என்பாள் மனிசி. பிள்ளை சுவருக்குச் சுவர் ஓடும். இரண்டு தட்டு வந்த பிறகுதான் நிற்கும்.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காப்புகள் பிள்ளைக்குச் சிறுத்துவிட்டிருந்தன. கையில் எடுத்து வந்து உன் காதடியில் குலுக்கினேன். நீ கண் திறக்கவில்லை. கேட்டதோ தெரியாது.

கீழ்வீட்டில் இப்போது வேறு ஆட்கள். மினுக்கிய காப்புகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். பேத்தி காலுறையோடு வீட்டுக்குள் திரிகிறாள்; காலடி கேட்பதே இல்லை. குளிர் தொடங்கி ஹீற்றர் சூடேறும்போது குழாய் தானாக ஒருதரம் ‘டக்’ என்னும். இரும்பு சூட்டில் அப்படித்தான் சத்தம் போடும் என்கிறாள் மகள். எனக்கும் தெரியும். ஆனாலும் கதிரையை விட்டெழும்பி, சுவருக்குச் சுவர் ஒருதரம் நடந்துவிட்டு வந்துதான் திரும்ப உட்காருகிறேன்.