கண்ணாடி அறைக்குப் போகவேண்டிய அம்பாசிடர்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். பெயின்ட் அடிக்க லாயக்கில்லாத நாள். கதவுகளைக் கழற்றித் தேய்ப்பு வேலை மட்டும்.

ரகு சார் வந்தார். ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் மேனேஜர். காலமான அவர் அப்பாவின் அம்பாசிடர்தான் இத்தனை நாளாக, பழைய கார் புதுப்பிக்கும் எங்கள் ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆடி பிறப்பதற்குள் வேண்டுமாம். புது வீட்டில் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார். உள்ளே நிறுத்தி, அடியில் நீல விளக்கு.

"ஓடணும்னு இல்ல மேடம். பளபளன்னு இருந்தா போதும்."

இன்ஜினை இறக்கிப் பிரித்து மறுபடி ஏற்றியவர் ஏழுமலை. என் வீட்டுக்காரர். சார் போனதிலிருந்து சாப்பாடு வரை பேசவில்லை. சாப்பிட்டபின் பேசினார். இங்கே எழுத முடியாது.

ஜூலை 9, புதன்
நல்ல வெயில். கடைசி கோட் முடிந்தது. பாசிப்பச்சை, பழைய நிறமேதான். பானெட்டில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. எடுத்தேன். கால் மட்டும் வரவில்லை.

மதியம் ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மா. ரகு சாரின் அம்மா, வசந்தா. சுங்குவார்சத்திரத்திலிருந்து தனியாக. மகனிடம் சொல்லக்கூடாதாம். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அழப்போகிறார் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன். கிளட்ச் எது என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. இளவயதில், வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தபோது டிரைவிங் ஸ்கூல் போய் வாங்கியது. காலாவதியாக விடாமல் புதுப்பித்தும் வைத்திருக்கிறார். ஆனால் இந்தக் காரின் சாவியை அந்த மனிதர் கடைசிவரை கையில் தரவில்லை.

"கண்ணாடிக்குள்ள வெச்சு பூட்டிட்டா அவ்ளோதான். அதுக்குள்ள ஒருவாட்டி ஓட்டிடறேம்மா."

ரகு சாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்தேன். ஏழுமலை யோசிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வாங்கம்மா. ரோடு காலியா கெடக்கும்," என்றார்.

ஜூலை 13, ஞாயிறு
விடியலில் தூறல். பிறகு வெளுத்துவிட்டது. வாங்க வேண்டியது: உப்புத்தாள், தின்னர், தயிர்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இன்னும் கம்பெனி வராத பக்கம் போனோம். ரோடு உண்டு, ஆள் இல்லை, மாடு உண்டு. இந்த மாடலில் கியர் தரையில் இருக்காது, ஸ்டியரிங் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதைப் பிடித்து இழுத்த சத்தத்தில் ஏழுமலை முருகனைக் கூப்பிட்டார். வண்டி நின்றுபோனது. மறுபடி நின்றுபோனது. அப்புறம் ஓடியது, நிற்கவில்லை. மாடு தானாக எழுந்து இடம் மாறிக்கொண்டது. பின்சீட்டில் நான், பெயின்ட்டைப் பற்றிய கவலையோடு.

வெயில் ஏறுவதற்குள் பிடித்துக்கொண்டார். கடைசியாக இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியபோது சத்தமே இல்லை. ஏழுமலை மெல்லத் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒருமுறைகூட அப்படி ஆட்டியதில்லை.

அம்மா ஓரமாக நிறுத்தி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு ஓட்டசொல்ல மூஞ்சிய அப்டி வெச்சிகினு இருப்பாரு. ஏதோ பெரிய கஷ்டமான வேலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஜூலை 14, திங்கள்
மேகமூட்டம். ரகு சார் போன். நேற்று எஸ்டேட்டில் அவர் கார் ஓடியதைக் கம்பெனி செக்யூரிட்டி பார்த்தாராம். டெஸ்ட் டிரைவ் என்றேன். ஓட்டியது வயசான ஒரு அம்மாவாமே என்றார். என் மாமியார் என்றேன். வாயில் வந்துவிட்டது. மாமியார் மண்ணூரில் இருக்கிறார். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவே கண்ணை மூடிக்கொள்வார்.

அப்படியா என்றார் சார். பிறகு, மாமியாரிடம் ஜாக்கிரதையாக ஓட்டச் சொல்லுங்கள் என்றார். ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை அம்மாவும் மகனும் சேர்ந்து வருகிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்
மழை. ஷெட் ஒழுகுகிறது. காருக்குத் தார்ப்பாய், எனக்கு ஜலதோஷம்.

ஜூலை 16, புதன்
ஆனி கடைசி. காரை ஏற்றிப்போக வேண்டிய லாரி வழியில் பிரேக்டவுன். ரகு சாருக்கு அவசரம், காலை எமகண்டம் வருவதற்குள் கிளம்ப வேண்டும். நானே ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா, மடியில் தேங்காய்ப் பை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சார் ஓட்டிப் பழகியதெல்லாம் ஆட்டோமேட்டிக். இடதுகை தரையில் கியரைத் தேடியது. அது ஸ்டியரிங் தண்டில் இருப்பதை ஏழுமலை காட்டினார்.

ஷெட் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் கார் குறுக்கே நின்றுவிட்டது. சரியாக நைட் ஷிஃப்ட் விடும் நேரம். பின்னால் கம்பெனி பஸ், அதன் பின்னால் இன்னொன்று. ஹாரன். ஜன்னலெல்லாம் தலைகள். முதல் பஸ் ரகு சாரின் கம்பெனி பஸ்ஸேதான்.

மறுபடி ஸ்டார்ட் செய்தார். குலுங்கி நின்றது. இன்னொரு தடவை.

"எறங்கி இந்தப் பக்கம் வா ரகு," என்றார் அம்மா.

சார் இறங்கினார். அம்மா பையைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தார். சார் சுற்றிக்கொண்டு இடதுகதவுக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பஸ்ஸுக்கு வழி விடத்தான், வேறொன்றுமில்லை. ஆனால் ஓரம் கட்ட இடம் கிடைத்தது ரொம்பத் தள்ளி. அதுவரை சார் பின்னாலேயே ஓடினார், கழுத்தில் ஐடி கார்டு பறக்க. பஸ்ஸிலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

நாங்கள் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது சார் மூச்சிரைத்துக்கொண்டு கதவைப் பிடித்து நின்றார். சண்டை வரும் என்று நினைத்தேன். உன்னை யார் ஓட்டச் சொன்னது என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் ஏழுமலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அம்மாவிடம் குனிந்தார்.

"செகண்ட் எப்படிம்மா போட்ட?"

"ஏறு. போய்க்கினே சொல்றேன்."

ஏறினார். கார் படப்பைப் பக்கம் திரும்பியது. சாரின் வீடு எதிர்த்திசை. ஏழுமலை கூப்பிட வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஷெட்டைப் பூட்டாமல் வந்திருந்தோம். திரும்பிவிட்டோம்.