பல்பைப் பார்க்க வராத சாயங்காலம்

புக்கிட் பாத்தோக் வீட்டில் உங்கள் அறைக் கதவை இன்று காலைதான் திறந்தேன். ஈயம் உருக்கிய வாடை இன்னும் போகவில்லை. நான்கு மாதமாகச் சாத்தியே வைத்திருந்தால் எப்படிப் போகும்? செம்பவாங் கப்பல் பட்டறையில் உங்களோடு வேலை பார்த்த செல்வம் தம்பி, பழுது பார்க்க உங்களிடம் கொடுத்த தன் பெட்டியை எடுத்துப் போக வருவதாகச் சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் திறந்திருக்க மாட்டேன்.

மேசையில் அது நீங்கள் விட்டபடியே இருந்தது. மேல்மூடி கழற்றி, உள்ளே வயரெல்லாம் தெரிய. கரண்ட் ஓடுகிற போக்கைப் பச்சைக் கோடாகக் காட்டுகிற பழைய மெஷின். ஆசிலோஸ்கோப் என்பீர்கள். எனக்கு வாயில் நுழையாது, கோட்டுப்பெட்டி என்பேன். கடைசியில் நீங்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தீர்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கும் அந்த அறையில் ஒரு வேலை இருந்தது. பழுது பார்த்த பெட்டியை நீங்கள் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுவதில்லை. நடுவில் ஒரு குண்டு பல்பு வைத்து, அது வழியாகத்தான் கரண்ட் விடுவீர்கள். பல்பு ஒரு தரம் மின்னி மங்கினால் பெட்டி நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உங்கள் கண் பெட்டிக்குள் இருக்கும், ஒரு கை பேண்ட் பைக்குள். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகுமாம். பல்பு உங்கள் முதுகுப் பக்கம். பார்த்துச் சொல்வது நான்.

"மங்குதா?"

"மங்குதுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு. என் உயிரு உன் கையில."

"முப்பது வருஷமா அங்கதான இருக்கு."

நீங்கள் வீட்டில் இருந்த கடைசிச் சாயங்காலம், தஞ்சோங் பகார் ஆபீசில் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். "கொஞ்சம் வா, செல்வம் பெட்டியப் போட்டுப் பாப்போம்" என்று கூப்பிட்டீர்கள். "கால் வலிக்குது, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். விடிந்ததும் நெஞ்சு வலி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. அப்புறம் நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. முடித்த வேலையைக் கண்ணால் பார்க்க விடாமல் அனுப்பிவிட்டேனே என்று நான்கு மாதமாக இதே நினைப்பு.

செல்வம் வந்தது. "அப்படியே குடுங்க அண்ணி. ரெண்டு வாரம்னு வாங்கி ரெண்டு மாசம் வச்சிருந்தாரு லா அண்ணன்" என்று சிரிக்கப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"போட்டுப் பாத்துட்டு எடுத்துக்குங்க தம்பி. பல்ப நான் பாக்கிறேன்" என்றேன்.

செல்வமும் ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் சுவிட்சைப் போட்டது. பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. மங்கவில்லை.

"அணைங்க, அணைங்க!"

"இன்னும் வேல இருக்கு அண்ணி. அண்ணன் முடிக்கல." பெட்டியைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு லிப்டுக்குப் போனது.

ஆக, அன்று நான் வந்திருந்தாலும் பச்சைக் கோடு வந்திருக்காது. உச்சுக் கொட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்திருப்பீர்கள். "நீ போய்க் கால நீட்டு" என்று என்னை அனுப்பியிருப்பீர்கள். நீங்கள் முடித்ததை நான் கெடுக்கவில்லை. அந்த மட்டுக்கும் மனசு ஆறிவிட்டது.

ஆனால் நீங்கள் கூப்பிட்டீர்கள், நான் எழுந்து வரவில்லை. ஒரு கால் மணி நேரம் உங்கள் பக்கத்தில் நின்றிருக்கலாம். வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அதைத்தான் சுமந்துகொண்டு நடக்கிறேன்.