இரண்டாம் ஓடையில் திரும்பியவர்கள்

அக்கா,

இன்று காலை பழவங்காடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஆட்டோவிலிருந்து ஒருவர் எலுமிச்சம்புல் கட்டுகளை இறக்கி வைத்தார். வெயிலில் காய்ந்த அந்த மணம் வந்ததும், போனக்காட்டுப் பாதையில் உங்கள் பின்னால் நடப்பதுபோல் இருந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

நாம் சந்தித்தது ஒரு மார்ச் மாதம். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து குறைந்த வறண்ட நாட்களில், மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போவீர்கள். நான் ஐம்பது வயதில், வலியசாலையிலிருந்து முதல்முறையாக மூன்று நாள் நடைக்குக் கிளம்பி வந்தவள். வனத்துறையின் அனுமதிச் சீட்டுக்காக மூன்று வருடம் முயன்றிருந்தேன். கட்டணமும் கொஞ்சமில்லை.

முதல் ஓடையில் தண்ணீர் நூலாக இறங்கியது. இரண்டாம் ஓடையில் அதுவும் இல்லை, வெறும் கற்கள்தான். நீங்கள் இறங்கிக் கற்களைப் புரட்டி, கையால் மணலைத் தோண்டிப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து, "திரும்பிருவோம்" என்றீர்கள். எட்டுப் பேரில் அதிகம் சத்தம் போட்டவள் நான்தான்.

"இவ்வளவு பணம் கட்டி, லீவு சேர்த்து வச்சுண்டு வந்திருக்கேன். பாதியிலே திரும்பறதாவது!"

"ரூவா வாங்குனது ஆபீசு, மேடம். தண்ணி தரவேண்டியது ஓடை. அதுக்கிட்ட ரசீதைக் காட்ட முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வீம்பில் விறுவிறுவென்று முன்னால் இறங்கினேன். சிக்கனமாகக் குடிக்கச் சொன்னதையும் கேட்கவில்லை. புல்மேட்டு வெயிலில் கண் இருட்டி விழுந்தேன். விழித்தபோது என் தலை உங்கள் மடியில் இருந்தது. உங்கள் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை மூடி மூடியாக ஊற்றி எனக்குப் புகட்டிக்கொண்டிருந்தீர்கள். அடிவாரம் சேரும்வரை நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதை, வெடித்து ரத்தம் கசிந்த உங்கள் உதட்டைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். அழுதுவிட்டேன்.

அப்போதுதான் மேடம் போய், தங்கச்சி ஆனேன்.

"அழாதே தங்கச்சி. திரும்புனா கட்டுன காசு போச்சேன்னுதான் எல்லாரும் மேல மேல போறாங்க. என்னைக்காவது ஒரு உசுரு போயிரும். நீ எழுதத் தெரிஞ்சவ. இந்த ரூலை மாத்தச் சொல்லி ஆபீசுக்கு எழுதேன்."

எழுதினேன். பதில் வரவில்லை. நேரில் போனேன். "கட்டின பைசாவைத் திரிச்சுக் கொடுக்க ரூல் இல்ல மேடம்" என்றார் அதிகாரி, மலையாளம் கலந்த தமிழில். மறுபடி போவதற்குள் நீங்கள் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள். மருத்துவமனையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முடியலை அக்கா" என்றேன். "முடியற வரைக்கும் போ" என்றீர்கள். அவ்வளவுதான் பேச முடிந்தது.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரமே போனேன். "பணம் வேண்டாம் சார். தண்ணியில்லாம திரும்பறவாளை, அதே சீட்டிலே இன்னொரு நாள் ஏற விடுங்கோ. அது போதும்" என்றேன். அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, அதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். என் மனுவை மேலிடத்துக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்.

நேற்று பாதையின் நுழைவாயிலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் மகள் படமெடுத்து அனுப்பினாள். ஓடை வற்றித் திரும்புகிறவர்கள் மறுபடி கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அலுவலகத்தில் என் மேஜை முன்னாலேயே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. ஒருமுறை உங்களிடம், "உச்சியிலே இருக்கற சாமிகிட்ட என்ன வேண்டிப்பேள்?" என்று கேட்டேன். "வந்தவங்களைப் பார்க்கவே நேரம் சரியாப் போவும். எனக்குன்னு ஒருநாள் சாமி கும்பிடப் போகணும்னா, நானும்ல பாஸ் எடுக்கணும்" என்றீர்கள். மலையின் காலடியில் பிறந்து, ஊரார் அத்தனை பேரையும் ஏற்றிவிட்டு, உங்களுக்காக ஒருமுறைகூட நீங்கள் ஏறவில்லை.

அந்தப் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது. எஸ்டேட்டில் வாழ்கிறவர்களுக்குக் கட்டணம் கூடாது என்று அடுத்த மனுவை எழுதிவிட்டேன். திங்கட்கிழமை உங்கள் மகளும் என்னுடன் வருகிறாள். அவள் தனக்கென்று அந்த மலையில் ஏறும் நாள்வரை, இதை இறக்கி வைக்க மாட்டேன்.

உங்கள் தங்கச்சி