ஊளையிடும் டர்போவும் என் கைரேகையும்

மார்ச் 2, 1987, திங்கள்

இன்று ஒரு முழுப் பக்கம் எழுதப் போகிறேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு இது பேராசை. குஸ்தோதியா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, உயிலா? எழுதி வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு, ரெண்டு கோழியா?" என் மனைவிக்கு எழுதவும் தெரியாது, வாயை மூடவும் தெரியாது.

பெனீஷ் துறைமுகத்தில், மீன்பிடிப் படகு என்ஜின்களுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போக்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. சரிசெய்த டர்போவை மேடையில் ஏற்றி, காற்றால் சுழற்றி, காது கொடுத்துக் கேட்டு, தேறுமா தேறாதா என்று சொல்பவன் நான். நான் சொன்னதைப் பதிவேட்டில் எழுதுபவர் வால்டெமார் இன்ஜினியர், முதலாளியின் மருமகன். கீழே என் கைரேகை. இந்தக் குடித்தனம் இரண்டு வருடமாக நடக்கிறது.

டர்போவின் தண்டு ஒரு பக்கமாகக் கனக்கிறதா என்று முள்ளால் காட்டும் பாலன்ஸ் இயந்திரம் ஒன்றை இன்ஜினியர் புதிதாக வரவழைத்திருக்கிறார். சொந்தப் பிள்ளையின் மூக்கைக்கூட அவர் இப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 5, வியாழன்

இலாரியுவின் படகு டர்போ மேடையில் ஊளையிட்டது. நல்ல டர்போவின் விசில் வேகம் கூடக் கூட மேலே ஏறும். இது ஏறவில்லை. படியேற மறுக்கும் கழுதைபோல, ஒரே தாழ்ந்த சுருதியில் நின்று கத்தியது.

இன்ஜினியர் சுழலும் தண்டைக் கழற்றி மறுபடி பாலன்ஸ் செய்தார். முள் அசையவே இல்லை. மாட்டினோம். முன்னைவிடப் பலத்த ஊளை.

"இன்ஜினியர் ஐயா, கோளாறு தண்டுல இல்ல, எண்ணெய்ல."

"பெரியவரே, முள்ளு பூஜ்யத்துல நிக்குது. பூஜ்யத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"எண்ணெய் இருக்குங்க."

பட்டறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பட்டம் வாங்கியவர்கள் சிரித்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள் போலிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

அவரிடம் சொல்லி முடிக்க விடவில்லை. இங்கே எழுதுகிறேன், காகிதம் குறுக்கே பேசாது.

தண்டு எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. அதைச் சுற்றி எண்ணெய். அந்த எண்ணெயைச் சுற்றிப் பித்தளை வளையம், நாங்கள் புஷ் என்போம். புஷ்ஷைச் சுற்றி மறுபடியும் எண்ணெய். எல்லாமே மிதக்கிறது. இடைவெளி அளவாக இருந்தால் எண்ணெய் தண்டைத் தாங்கும். புஷ் தேய்ந்து இடைவெளி அகன்றால், தாங்குவதை விட்டுத் தள்ள ஆரம்பிக்கும். தண்டைத் தூக்கிக்கொண்டு தன் போக்கில் வட்டமடிக்கும். அதுதான் ஊளை. தண்டில் கொஞ்சம் கோணல் இருந்தால்கூட அது எண்ணெயிடம் முரண்டு பிடிக்கும். கோணலே இல்லாததை எண்ணெய் எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகும், எங்கள் முதலாளியை மருமகன் இழுப்பதுபோல.

மார்ச் 9, திங்கள்

விரல் வலிக்கிறது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில், கையால் சேர்த்து எழுதியதை வாசிக்க எர்மெலிந்தா டீச்சர் இன்று சொல்லிக்கொடுத்தார்.

மார்ச் 10, செவ்வாய்

பதிவேட்டை வாசித்தேன். நானே வாசித்தேன்!

"சத்தம் இல்லை என்று சோதனையாளர் தெரிவித்தார்." கீழே என் கைரேகை. அடுத்த பக்கமும் அதே. நான் ஊளை, ஊளை என்று தொண்டை வறளச் சொன்ன டர்போக்களுக்கும் அதே வரி. பத்தொன்பது பக்கம், பத்தொன்பது படகு. எது ஊளையிட்டது என்பதை நான் மறப்பேனா? அட படுபாவி மனுஷா, நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்?

ஊளையிடும் தண்டு ஒரு நாள் டர்போவின் இரும்புக் கூட்டை உரசும். இறக்கை உடையும், என்ஜின் சோர்ந்துவிடும். அது துறைமுகத்திலா நடக்கும்? பெர்லெங்காத் தீவுக்கு அப்பால், காற்றிலே, பாறைகளுக்கு அருகே நடக்கும். இலாரியு வியாழக்கிழமை கிளம்புகிறான். படகில் ஏழு பேர்.

குஸ்தோதியாவிடம் சொன்னேன். "உங்க கட்டைவிரலு உங்களவிட நல்லாப் பொய் சொல்லுதே" என்றாள். அப்புறம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பியின் படகும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று.

மார்ச் 11, புதன்

இலாரியுவின் பக்கத்தில் என் கையால் எழுதினேன்: "ஊளையிடுகிறது. படகில் மாட்டாதே. புஷ்ஷை அளந்து பார்." கையெழுத்தும் போட்டேன்.

இன்ஜினியர் பக்கத்தைக் கிழிக்கக் கை வைத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் அலுவலக முத்திரையும் இருக்கின்றன. இந்த நாட்டில் மனிதனைக் கிழிக்கலாம், முத்திரை குத்திய தாளைக் கிழிக்க முடியாது. எனவே கீழே எழுதினார்: "இவருக்கு எழுத்தறிவு இல்லை. பொருட்படுத்த வேண்டாம்."

நான் அதற்குக் கீழே எழுதினேன்: "வாசித்தேன்."

மார்ச் 12, வியாழன்

டர்போவைப் பெற்றுக்கொண்டதாக அதே பக்கத்தில் கையெழுத்திட இலாரியு வந்தான். "யோவ் செஃபெரீனு, இதுல என்னய்யா எழுதியிருக்கு? கண்ணாடி கொண்டு வரல." அவன் பிறந்ததிலிருந்தே கண்ணாடி கொண்டு வந்ததில்லை. முதலாளியின் முன்னால் எல்லா வரியையும் உரக்க வாசித்தேன். மெதுவாகத்தான். எனக்கு என்ன அவசரம்?

இலாரியு தொப்பியைக் கழற்றினான். "எழுத்து தெரியாதவன் படிக்கிறான், தெரிஞ்சவருக்குக் காது கேக்கல. முதலாளி, கழட்டுங்க அதை. என் மச்சான் ரெண்டு பேரு படகுல வரானுங்க. ஒருத்தனையாவது திருப்பிக் கொண்டு வரணும்."

கழற்றினோம். உள்ளே பழைய புஷ், தேய்ந்து தகடாகியிருந்தது. "தண்டுதான் அவ்வளவு சுத்தமா இருக்கே, அதான் மாத்தல..." என்றார் இன்ஜினியர். எத்தனையில் மாற்றவில்லை என்று முதலாளி கேட்டார். நான் பக்க எண்களை வாசித்தேன்.

அதே தண்டு, புது புஷ். விசில் மேலே, மேலே ஏறியது.

மார்ச் 13, வெள்ளி

ஒரு நாள் தாமதமாக இலாரியு கிளம்பினான். கேட்டுக்கொண்டே நின்றேன். நல்ல சத்தம்.

ஏப்ரல் 3, வெள்ளி

முதலாளியின் உத்தரவுப்படி பத்தொன்பது படகுகளையும் தேடித் தேடிப் புஷ் மாற்றுகிறோம். நான் படகின் முகப்பில் பெயரை வாசித்துச் சொல்ல, இன்ஜினியர் என்ஜின் அறைக்குள் இறங்குவார். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இப்போது என் சட்டையின் நிறம். வலை பின்னுகிறவர்கள், "இன்ஜினியர் ஐயா, முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்கிறார்கள். அவர் அடுத்த படகுக்கு நடக்கிறார்.

நேற்றோடு பதினெட்டு. மீதி ஒன்று, குஸ்தோதியாவின் தம்பி படகு. மூன்று நாள் முன்பே வந்திருக்க வேண்டும்.

இன்று காலை கடல்மேல் மூடுபனி. துறைமுகச் சுவரின் முனையில் நானும் இன்ஜினியரும் நின்றோம். குஸ்தோதியாவும் வந்திருந்தாள், ஒரு கேலியும் பேசாமல். நான் காதைப் பனிப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அலைதான் கேட்டது.

சட்டென்று இன்ஜினியர் என் கையைப் பிடித்தார்.

"வருது பெரியவரே. ஊளையிடுது!"

எனக்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிட்டது. எனக்குக் கேட்பதற்குள் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படித்துறையில் பாதி இறங்கியிருந்தார்.