படத்துக்கு முன் லிஃப்ட்

சால்வதோர்,
சனிக்கிழமை

என் செல்ல ஜனைனாவுக்கு,

டால்வா சித்தி எழுதுவது. நான் நலம், முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. லிஸ்பனில் குளிர் வாட்டுகிறதாமே, வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்து முடிக்கும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. அந்தப் பெரிய வீட்டம்மா தோனா எலோயிசாவின் மகளிர் மன்றம் தங்கள் விருதுக்கு உன் அம்மாவின் பெயரை வைக்க உன் சம்மதம் கேட்டு எழுதும்.

நேற்றோடு உன் அம்மா சுல்மிரா போய் ஒரு வருடம். எலோயிசாவின் பத்தாம் மாடி வீட்டில் நினைவுக் கூட்டம். உன் அம்மாவின் புத்தகங்களைப் பற்றிப் பேச யார் யாரோ பேராசிரியைகள். வீட்டு வேலை செய்கிற எங்கள் சங்கத்தையும் அழைத்திருந்தார்கள், சங்கத்தின் சார்பில் நான் பேசுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமையாச்சே, நம் ஊர் வழக்கப்படி எல்லோரும் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் போனோம். சுல்மிராவின் பெரிய படத்தை நானும் சங்கத்து ஈவனேட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

வாசலில் காவலாளி ஜோசியாஸ் மறித்தான். அவன் என்னைவிடக் கறுப்பு. “அக்கா, வேலைக்காரங்க லிஃப்ட் பின்னாடி, குப்பைத் தொட்டிகிட்ட இருக்கு” என்றான். “சமைக்க வரலடா தம்பி, பேச வந்திருக்கேன்” என்றேன். மேலே போன் போட்டுக் கேட்டான். கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: “படத்த முன் லிஃப்ட்ல ஏத்தி அனுப்பச் சொல்றாங்க. நீங்க மட்டும் பின்னாடி வரணுமாம்.”

கேட்டாயா இந்த அநியாயத்தை? கண்ணாடிக்குள் இருக்கிற கறுப்பிக்கு முன்வாசல், உயிரோடு நிற்கிற கறுப்பிக்குக் குப்பைத் தொட்டி! இதையே வாசல் அதிரக் கத்திச் சொன்னேன். “படத்தத் தர மாட்டேன் போ” என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

எலோயிசா இறங்கி வந்தாள், முன் லிஃப்ட்டில்தான். “நாம எல்லாரும் பொம்பளைங்கதானே டால்வா, நினைவு நாளும் அதுவுமா நிறத்த எதுக்கு இழுக்கறே? மத்த வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லுவாங்க, அவ்வளவுதான்” என்று என் தோளைத் தட்டினாள். எல்லோரும் பெண்களாம்! உன் அம்மா ஆயுசு முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியது இந்தப் பேச்சை எதிர்த்துத்தானே? கறுப்பியைப் பின்வாசலுக்கு அனுப்பிவிட்டுப் பெண்ணுக்குச் சமத்துவம் கேட்டால், அது எஜமானியம்மாக்கள் எஜமானோடு போடுகிற பாகப்பிரிவினைச் சண்டை என்றுதானே எழுதினாள்? அதற்கு எழுந்து நின்று கைதட்டியவள்தான் இந்த மகராசி.

நான் அங்கேயே பேசினேன். மாடி வீடுகளில் வேலை செய்கிற பெண்கள் ஈரக் கையோடு இறங்கி வந்து கேட்டார்கள். ஜோசியாஸ் யாரையும் விரட்டவில்லை. மேலே கேக் வெட்டினார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

விருது வைத்தால் உன் அம்மா பெயர் பேப்பரில் வரும். விழாவுக்கு உனக்கு விமான டிக்கெட்டும் அனுப்புவார்கள். அந்த டிக்கெட் இல்லாமல் உன்னால் இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். உன்னைப் பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட வேண்டாம், கண்ணே.

நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு. அம்மாவை மட்டும் தனியாக மேலே அனுப்பிவிடாதே.

கட்டியணைத்து,
உன் டால்வா சித்தி