பாரமான போர்வை தேடிப் போனது

புதன், 15.10.97

மழை. மேலே மலையில் பனி விழுந்துவிட்டது, ஊருக்குள் இன்னும் இல்லை. நான் வேலை செய்யும் ஹோட்டல் பூட்டியாயிற்று, இனி டிசம்பரில்தான் திறப்பார்கள். சுவிசில் இந்த எங்கடின் பள்ளத்தாக்கில் இந்த மாதம் மாட்டுக்கும் வேலை இல்லை.

விடியவே றீற்றா வந்து கதவைத் தட்டினாள். அவளுடைய புருசன், என் மாமி மகன் யோசேப்பு அத்தான், மூன்று கிழமையாகச் சூரிச்சில் ஆஸ்பத்திரியில். வயிற்றில் கட்டி. டொக்டர் போன் எடுத்தாராம், கதைக்க வேண்டும், வாருங்கள் என்று. பிறகு அத்தானும் கதைத்தாராம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"இஞ்ச தாற டூவே, இந்த இறகுப் போர்வை, காத்து மாதிரிக் கிடக்கு. மேல ஒண்டும் இல்லாத மாதிரி. நித்திரையே வருகுதில்லை. பாரமா ஒரு போர்வை கொண்டு வாரும்."

நான் சொன்னேன், முதல் முதல் வந்தபோது காம்பில் தந்தார்களே, அந்த மண்ணிறக் கம்பளி, அதுதான் பாரம் என்று. றீற்றா என்னைப் பார்த்த பார்வை!

"அகதியா வந்த மனிசன் அகதியாவே படுக்கவோ? நல்லது ஒண்டு வாங்குவம். கடையில."

சரி. கார் என்னுடையது. லைசென்ஸ் மூன்றாம் தரம் பாஸ் பண்ணியது. றீற்றாவை இனி றீ. என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு முழுப் பேர் அதிகம்.

காரில்: தேத்தண்ணிப் போத்தல், மீன் பணிஸ் பத்து, அத்தானின் பிஜாமா, செபமாலை (றீ.), முழங்கால் தைலம் (நான்).

முதல் கடை பக்கத்து ஊரிலேயே. வாத்து இறகுப் போர்வைகள். கடைக்காரி ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். இது மேலே கிடப்பதே தெரியாது என்றாள். நான் றீ.க்குத் தமிழில் சொன்னேன்.

"தெரியாட்டி என்னத்துக்கு?" என்றாள் றீ.

அதை நான் கடைக்காரிக்கு டொச் பாஷையில் சொல்லவில்லை.

ஜூலியர் கணவாயில் இரண்டு பக்கமும் பனி. காரில் இன்னும் கோடைச் சில்லு, பனியில் வழுக்கும். மாட்டு வண்டி மாதிரி வந்தேன். றீ. கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே.

"மெல்லமாச் சொல்லடி, மாதாவுக்குச் செவிடில்லை," என்றேன்.

"உன்ர ஓட்டத்துக்கு அவ இறங்கி ஓடியிருப்பா."

பின்னேரம் கூர் நகரம். பெரிய கடை, இரண்டாம் மாடியில் கட்டில், மெத்தை, போர்வை. எல்லாம் லேசு, லேசு, இன்னும் லேசு. விலை கூடக்கூடப் பாரம் குறையும் போல. பாரம் என்றால் என்னவென்று விற்கிற பெட்டைக்கு விளங்கவில்லை. கடைசியில் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாக்கப் படுத்தேன். "போடடி மேல," என்றேன். றீ. ஒன்று போட்டாள். இரண்டு. நாலு. ஐந்து.

"பாரமோ?"

"இல்லை. சமாதி மாதிரி வெக்கைதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். றீ. கவனிக்காத மாதிரி ஒவ்வொன்றாய் எடுத்து மடித்தாள். பெட்டை சொன்னாள், வருத்தக்காரருக்குப் பாரம் கூடாது, லேசுதான் நல்லது என்று.

"ஆளை அவவுக்குத் தெரியுமோ?" றீ.

படி இறங்கும்போது சிரிக்கவைக்கப் பார்த்தேன். "பேசாம என்னைத் தூக்கி அத்தானுக்கு மேல போடு. எண்பத்தாறு கிலோ. காசும் மிச்சம்."

சிரித்தாள். படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். பிறகு அது சிரிப்பு இல்லை. ஆட்கள் விலகிப் போனார்கள்.

இரவு கன்னியாஸ்திரிகளின் விடுதி. சூப்பில் உப்பு இல்லை.


வியாழன், 16

வெயில், ஆனால் சூடில்லை. எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் பத்தரைக்குள் சூரிச். எட்டு மணிக்கு றீ. சொல்கிறாள், "இன்னும் ஒரு கடை பாப்பம்." பிறகு இன்னும் ஒரு கடை. முதலாவதில் திரைச்சீலை மட்டும். இரண்டாவது பூட்டு. மூன்றாவதில் நாய் படுக்கிற மெத்தை.

"நாளைக்குப் போனாலும் டொக்டர் அங்கதானே இருப்பார்," என்கிறாள்.

இவளுக்குப் போய்ச் சேர விருப்பமில்லை. நேற்றே எனக்கு விளங்கியது. போர்வை வாங்கினால் பிறகு ஆஸ்பத்திரிதான், அதற்குப் பிறகு டொக்டர்தான். நான் என்ன செய்ய? ஓட்டினேன்.

வாலன் ஏரிக்கரையில் ஒரு கிராமம். சின்னக் கடை, யன்னலில் ஒட்டுத்துணிப் போர்வை தொங்குகிறது. உள்ளே நீள மேசையைச் சுற்றி ஐந்தாறு மனிசிமார், எல்லோர் மடியிலும் துணித் துண்டு, ஊசி. வகுப்பாம். இங்கே துணி விற்பார்கள், நூல் விற்பார்கள், தைக்கப் பழக்குவார்கள். தைத்த போர்வை விற்பதில்லை. ஒன்று முடிக்க ஒரு குளிர்காலம் போகும் என்றாள் கடைக்கார மனிசி.

றீ. யன்னலில் தொங்கியதைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். முகம் மாறிவிட்டது.

"பிலோ, இதுதானடி."

உள்ளே செம்மறி ரோமம் அடைத்ததாம். மனிசியின் தமையனின் ஆடுகள். அவ தனக்கென்று தைத்தது, விற்க இல்லை. நான் தொடங்குவதற்கு முதல் றீ. தானே டொச்சில் சொன்னாள், மூன்றே மூன்று சொல். புருசன். வருத்தம். குளிர்.

மேசையில் ஊசிகள் எல்லாம் நின்றன.

மனிசி எழும்பி வந்தாள். பிறகு போர்வையை இறக்கித் தூசு தட்டி, நாலாய் மடித்து, நூல் கட்டினாள். காசு வேண்டாம். இரவல். முடிந்த பிறகு திருப்பிக் கொண்டு வாருங்கள் என்றாள்.

"என்னவாம்?" றீ.

"சுகம் வந்தாப்பிறகு திருப்பித் தரட்டாம்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தினதும் சொல்கிறாள், "அவ அப்பிடிச் சொல்லேல்ல. எனக்கும் கொஞ்சம் டொச் தெரியும் மூதேவி."

நான் காரை எடுத்தேன். போர்வை அவள் மடியில், பிள்ளை மாதிரி. ஆட்டு மணம் கார் முழுக்க.

சூரிச் வந்து சேர இருட்டி, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. இவளுக்கு அதுவும் ஒரு நிம்மதி. அட்லிஸ்வில்லில் என்னோடு முன்பு வேலை செய்த பிள்ளையின் அறையில் படுத்தோம். போர்வையைக் கதிரையில் வைத்தாள், நிலத்தில் வைக்க விடவில்லை.


வெள்ளி, 17

மப்பு. முழங்கால் வலி.

அத்தான் கட்டிலில் பாதியாய்க் கிடந்தார். மூன்று கிழமைக்குள் இவ்வளவோ? பிறகு ஒருமாதிரி, "என்ன அத்தான், வெள்ளைக்காரி நேர்ஸ்மாரைப் பாத்து மெலிஞ்சு போனீங்களோ?" என்றேன்.

"அவளவை என்னைப் பாக்கிறாளவை இல்லையே மச்சாள்."

றீ. நூலை அவிழ்த்தாள். நானும் அவளுமாய் இரண்டு பக்கமும் பிடித்துப் போர்த்தினோம். கழுத்துவரை. அத்தான் கண்ணை மூடினார்.

"ஆ... இதுதான். இதுதானப்பா."

றீ. என்னைப் பார்த்தாள். கலியாண நாள் முகம். அவ்வளவு வடிவு.

கொஞ்சத்தில் அத்தானின் நெற்றி வியர்த்தது. மூச்சுக் குறுகக் குறுக இழுத்தார். எடுக்கவோ என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டல். இவளுக்காகத்தான். விரல் போர்வையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கப் பார்க்கிறது, முடியவில்லை. நேர்ஸ் வந்து கண்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எடுத்தாள். காலுக்கு மட்டும் போட்டுப் பார்த்தாள். அதற்கும் முனகினார். பிறகு ஒரு கம்பிக்கூடு கொண்டுவந்து கால்மாட்டில் வைத்து, வெறும் கட்டில் சீலையை அதற்கு மேலே விரித்தாள். சீலைகூட இனிக் காலில் படக்கூடாதாம்.

"குறை நினையாதையும் மச்சாள்," என்றார் அத்தான். "மனம் கேக்குது, உடம்பு தாங்காது."

றீ. போர்வையை மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

வரும் வழியில் தோடம்பழம் வாங்கினேன். ஒருத்தரும் தின்னவில்லை.


சனி, 18

நல்ல வெயில். சூரிச் ஆட்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

காலையில் டொக்டர். சின்னப் பொடியன், கண்ணாடி. ஆறுதலாகத்தான் கதைத்தார். எனக்கு விளங்கின அளவுக்கு: இனி மருந்து இல்லை, நோவுக்கு மட்டும் ஊசி. நாளா கிழமையா என்று கேட்டேன். கிழமை என்று சொல்ல மாட்டேன் என்றார்.

றீ. என் கையைப் பிடித்தாள். "இண்டைக்கு உள்ளபடி சொல்லு."

சொன்னேன். "ஓம்," என்றாள். முகம் கழுவப் போனாள். நான் கதவுக்கு வெளியே அவளுடைய கைப்பையோடு நின்றேன். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

திரும்பவும் அறைக்கு. அத்தான் முழிப்பு. "என்னவாம் டொக்டர்?"

றீ. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். போர்வையை மடியில் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, இதை ஒரேயடியா மூடினது பிழையாம். மெல்ல மெல்லப் பழக்கட்டாம். இண்டைக்கு ஒரு மூலை. நாளைக்கு மற்ற மூலை."

டொக்டர் போர்வையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் ஒரு மூலையை எடுத்து அத்தானின் நெஞ்சில் வைத்தாள். மிச்சப் பாரம் எல்லாம் அவள் மடியில். நீலச் சதுரம் ஒன்று, மஞ்சள் ஒன்று, அவ்வளவுதான் அவர் மேல். அத்தான் அதன் மேல் கையை வைத்துத் தடவினார். மூச்சு இழுக்கவில்லை.

"கனக்குதோ?"

"அளவா இருக்கு."

போர்வையின் மற்ற மூலைகளைக் கண்ணால் தேடினார். பிறகு சொன்னார், "மூலை நாலுதானே றீற்றா."

"ஓம்," என்றாள்.

கார் நிறுத்தினதுக்குக் காசு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். காசு காலையிலேயே போட்டாயிற்று.