மோனிகா பரீட்சை எழுதிய காலை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ரகுவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். இருப்பது ஒரே அறை, நான் போனில் எதைச் சொன்னாலும் உன் நைனா காதிலும் உன் தங்கச்சி காதிலும் விழும், இது விழக்கூடாத சங்கதி. உன் கூட வேலை செய்கிற எளாவூர் வசந்தகுமார் லீவு முடிந்து வியாழக்கிழமை புறப்படுகிறானாம், அவன் கையில் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

மோனிகாவின் படிப்பைப் பற்றித்தான். போன வாரம் நீ கேட்டபோது "நல்லா போய்க்கினு இருக்குண்ணா" என்றாளே, அது பொய். காலேஜுக்குப் போக வேண்டாம், காலேஜே போனில் வரும், கம்பெனி வேலையை விடாமல் பி.காம். முடிக்கலாம் என்று நீதான் விசாரித்துச் சேர்த்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் அது வந்த லட்சணம் உனக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்து வீங்கின காலோடு உட்கார்ந்து வீடியோ போடுவாள். அதில் ஒரு நரைமுடி சார், எந்தப் பாடம் போட்டாலும் அதே ஊதாச் சட்டை, எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் பிடித்து முடித்தார்களோ என்னவோ. நடுநடுவே பாடம் நின்று, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாயா, பட்டனை அழுத்து என்று கேட்கும், அழுத்தாவிட்டால் ஆப்சென்ட். இவள் தூங்கி விழுவாள், நான் தட்டி எழுப்புவேன். புரியாததை அந்தச் சாரிடம் கேளேன் என்று ஒரு நாள் சொன்னேன். "அவரு எப்பவோ பேசிட்டுப் பூட்டாரும்மா, யாரைக் கேக்கறது" என்றாள். அப்படியும் முண்டி மோதிக் கடைசிப் பரீட்சை வரைக்கும் வந்துவிட்டாள். டிகிரி வந்தால் லைனில் நின்று ஒயர் சொருகுவதை விட்டு ஸ்டோரில் கிளார்க்காக உட்கார வைக்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார், அந்த நாற்காலியை நினைத்துத்தான் இத்தனையும்.

பரீட்சையும் வீட்டில்தான். கேமரா பார்த்துக்கொண்டே இருக்குமாம், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, மூன்று தடவை தப்பு கண்டால் தானாக மூடிக்கொள்ளும். நம் வீட்டில் ஆள் இல்லாத அறைக்கு நான் எங்கே போவேன் சொல். கூட வேலை செய்கிற கல்பனாவிடம் லேப்டாப் இரவல் வாங்கி வந்தாள். உன் நைனா இரும்பு மில்லில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்தார், டீயைக் கொடுத்து, சர்ச் வராண்டாவில் போய்ப் படுங்கள் என்றேன், முகம் சுளிக்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்து வீட்டு சுமலதாவிடம் மிக்ஸி போடாதே, டிவி போடாதே என்று கெஞ்சிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். பாதிப் பரீட்சையில் மழை பிடித்துக்கொண்டது. வராண்டா முழுக்கச் சாரல் அடித்ததில் உன் நைனா திரும்பி வந்திருக்கிறார், உள்ளே போகக் கூடாது என்று நம் வாசல் தகரத்தின் கீழே சுவரை ஒட்டி நின்றிருக்கிறார். நனைந்த உடம்பு, மில் புகை ஏறின நெஞ்சு, இருமல் வந்துவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடி வந்து பார்த்தால் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு நிற்கிறார், கண் இரண்டும் பிதுங்குகிறது. துண்டுக்கு அடங்குமா அது. கொஞ்ச நேரத்தில் மோனிகா கதவைத் திறந்தாள். பரீட்சை மூடிக்கொண்டுவிட்டது. அவள் திட்டவில்லை, அழவில்லை. "உள்ள வா நைனா, நனையாத" என்றாள்.

பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு எழுதினாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள், இரண்டு வருஷம் எழுதக் கூடாதாம். இருமினது பெற்ற தகப்பன் என்று சொல்லக்கூட ஒரு மனுஷன் அகப்படவில்லை. எழுதிப் போட்டால் மெஷின் பதில் போடுகிறது, அதுவும் நன்றி சொல்லி. மணவாள நகரில் அவர்கள் சென்டர் இருக்கிறது என்று நானும் அவளும் பஸ் மாறி மாறிப் போனோம். அங்கே இருந்த ஆள் நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "எங்க கையில ஒண்ணியும் இல்லம்மா, சிஸ்டம் புடிச்சா புடிச்சதுதான், இன்னா பண்றது" என்றார். ஸ்டோர் வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். வேறு யுனிவர்சிட்டி பார்க்கலாம் என்று நீ ஆரம்பிக்காதே. அந்தப் படிப்பையே போனிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டாள். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று ரகு, இல்லாததை இருக்கிறது என்று உனக்கு எழுத வரவில்லை.

இப்போது அவளும் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பனும் மகளும் சாயங்காலம் ஆளுக்கொரு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார்கள், பகலில் இரண்டு பேரும் தூங்குகிறார்கள். தூக்கத்தில் இருமல் வந்தால் அவர் எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, தெருக்கோடிக்குப் போய் இருமிவிட்டு வருகிறார். இனிமேல் எதற்கு என்று கேட்டால் பாயில் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

நீ வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, ஊறுகாயைப் பூசணம் பிடிக்கும் வரை வைத்திருக்காமல் ரூமில் எல்லோருக்கும் கொடு. கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த தடவை போன் பண்ணும்போது படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்காதே. நீ கேட்டால் அவள் மறுபடியும் நல்லா போகுது என்பாள், அதைக் கேட்டுக்கொண்டு உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
யே. விக்டோரியா